வெப்பநிலை வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 டிசம்பரில் 'நேஷனல் ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழ் ட்விட்டரில் ஒரு வரைபடத்தைப் பகிர்ந்தது. 1880 முதல் உலகின் சராசரி வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் காட்டிய அந்தப் படத்தின் செங்குத்து அச்சு −10 டிகிரியில் தொடங்கி 110 டிகிரி வரை நீண்டது. அளவுத்திட்டம் அவ்வளவு அகலமாக இருந்ததால், நூற்றாண்டுக்கும் மேலான வெப்ப உயர்வு ஏறத்தாழ ஒரு கிடைக்கோடாகப் படுத்துவிட்டது. எண்கள் திருத்தப்படவில்லை, எந்த ஆண்டும் விடுபடவில்லை. ஆனாலும் பார்த்தவர் மனத்தில் பதிந்தது, ஒன்றும் மாறவில்லை என்பதே.

அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பள்ளியில் கற்ற விதியைப் பலர் இங்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். பட்டை வரைபடத்துக்கு அது சரியான விதி, ஏனெனில் அங்கே பட்டையின் நீளமே அளவைச் சொல்கிறது. செல்சியஸில் பூச்சியம் என்பதோ தண்ணீர் உறையும் புள்ளி மட்டுமே. அதற்கு 'வெப்பமே இல்லை' என்று பொருளில்லை. ஆகவேதான் 20 டிகிரியை 10 டிகிரியைப் போல் இருமடங்கு வெப்பம் என்று சொல்வதும், வெப்பநிலை உயர்வை விழுக்காட்டில் எழுதுவதும் பிழையாகின்றன. உண்மையான பூச்சியம் −273.15 டிகிரி செல்சியஸ்; அங்கிருந்து அச்சைத் தொடங்கினால், கடந்த பனியுகம்கூட ஒரு சிறு பள்ளமாகத்தான் தெரியும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், அந்தப் பனியுகத்தின் உச்சத்தில், உலகச் சராசரி இன்றையதைவிடச் சுமார் 6 டிகிரிதான் குறைவு. அந்த ஆறு டிகிரியில் கனடாவும் வட ஐரோப்பாவும் கிலோமீட்டர் கணக்கான தடிமனுள்ள பனிக்கட்டியின் கீழ் கிடந்தன. எனவே அச்சின் எல்லைகளை, அந்த அளவு இயல்பாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அண்மைக்கால ஆண்டுச் சராசரிகளில் ஏறத்தாழ 0.05 டிகிரி நிச்சயமின்மை இருக்கும்போது, 0.01 டிகிரி வேறுபாட்டைப் பெரிதாக்கி வரைந்து இரண்டு ஆண்டுகளில் எது அதிக வெப்பமானது என்று முதலிடப் போட்டி நடத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. 1998-இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிலை மிக வலுவாக இருந்ததால் அந்த ஆண்டு வழக்கத்தை மீறி வெப்பமாக இருந்தது. அங்கிருந்து தொடங்கி 2012 வரை கோடு போட்டால் பத்தாண்டுக்கு 0.05 டிகிரி உயர்வுதான் கிடைக்கிறது. 1951 முதல் 2012 வரை எடுத்தால் அது 0.12 டிகிரி ஆகிறது. இரண்டையும் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு தன் ஐந்தாம் அறிக்கையில் அருகருகே தந்து, குறுகிய காலப் போக்கு தொடக்கத்தையும் முடிவையும் பொறுத்து மாறும் என்று எச்சரித்தது. வெப்பமயமாதலை வலியுறுத்துவோரும் இதில் கவனமாக இருக்க வேண்டும்: 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அதன் துகள்கள் வெயிலை மறைத்ததால் உலகம் குளிர்ந்திருந்த 1992-இல் தொடங்கினால் ஏற்றம் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தோன்றும். காலநிலைச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு முப்பது ஆண்டுகளைக் கொள்வது இத்தகைய தனி ஆண்டுகளின் ஆட்சியை அடக்கத்தான்.

பருவச் சுழற்சியை மறப்பதும் இதே வகைத் தவறு. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958 மார்ச்சில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங், உலகை வெப்பமாக்கும் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 313 பங்கு இருந்தது; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, வட அரைக்கோளத்துத் தாவரங்கள் தழைத்து வாயுவை உறிஞ்சுவதால் செப்டம்பர் வாக்கில் அது இறங்கும். அந்த நான்கைந்து மாதங்களை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால், கரியமில வாயு குறைகிறது என்றே எவரும் நம்புவர். ஒரு மாதத்தை முந்தைய ஆண்டுகளின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 2022 நவம்பரில் மௌனா லோவா எரிமலை வெடித்துச் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டபின், அளவீடு சில காலம் அருகிலுள்ள மௌனா கேயாவில் நடந்தது. இப்படி இடம் மாறினாலோ அளவீடு விடுபட்டாலோ கோட்டில் அதைக் குறித்துக் காட்டுவதே முறை. இடைவெளியை அழகுக்காக இணைத்துவிடக் கூடாது.

மிகுதியான குழப்பம் விளைவது அடிப்படைக் காலத்தைக் குறிப்பிடாததால்தான். உலக வெப்பநிலை பெரும்பாலும் நேரடி எண்ணாக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட காலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்றே தரப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. ஊட்டியும் சென்னையும் வெப்பத்தில் வெகு தொலைவில் நிற்பவை. நேரடிச் சராசரி எடுக்கும்போது ஒரு மாதம் ஊட்டியின் அளவீடு வராமல் போனால், எங்கும் வெயில் கூடாமலே சராசரி தாவி ஏறிவிடும். ஒவ்வோர் ஊரையும் அதன் சொந்தச் சராசரியோடு ஒப்பிட்டு, விலகலை மட்டும் சேர்த்தால் இந்தப் பொய் ஏற்றம் பெருமளவு தவிர்க்கப்படும். ஆனால் நாசா 1951–1980 காலத்தையும், பிரிட்டனின் ஹாட்கிரட் (HadCRUT) என்ற உலக வெப்பநிலைத் தரவு 1961–1990 காலத்தையும் அடிப்படையாகக் கொள்கின்றன. உலக வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்தும் பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி இலக்கோ வழக்கமாக 1850–1900 சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. நாசாவின் எண்ணை அப்படியே எடுத்து அந்த இலக்கோடு ஒப்பிடுபவர், நாம் இன்னும் வெகு தொலைவில் இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடுகிறார்.

விலகலை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 32-ஐக் கூட்டுவதும் அடிக்கடி நேர்கிறது. 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 2.7 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வு, 34.7 அல்ல.

கணினியில் வரைபவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்செலின் கோட்டு வரைபடம் 1900, 1950, 2000, 2010, 2020 என்று வெறும் எண்களாகக் கொடுத்த ஆண்டுகளைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். அப்போது ஐம்பது ஆண்டும் பத்து ஆண்டும் ஒரே அகலம் பெற்று, அண்மைக்கால ஏற்றம் உண்மையைவிட மந்தமாகத் தெரியும். அதற்குப் பதிலாகச் சிதறல் (scatter) படத்தைத் தேர்ந்தெடுத்துப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், ஆண்டுகள் தத்தம் தொலைவில் அமரும்.