எச்சரிக்கை எந்த வரியில் வர வேண்டும்?

பயனர் கையேடு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது செயல்களின் வரிசையில்தான். "மூடியைத் திறந்து வடிகட்டியை வெளியே எடுக்கவும், அதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க மறவாதீர்கள்" என்று எழுதினால், கருவியை எதிரில் வைத்துக்கொண்டு படிக்கப் படிக்கச் செய்பவர் பாதி வாக்கியத்திலேயே மூடியைத் திறந்திருப்பார். ஆகவே எச்சரிக்கையை, அது தொடர்பான செயலுக்கு முந்தைய வரியில் தனியே வையுங்கள். ஒரு படிக்கு ஒரு செயல் போதும்.

செயல் முடிந்ததும் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: "பொத்தானை 5 விநாடி அழுத்திப் பிடிக்கவும், பச்சை விளக்கு இருமுறை மின்னும்." மின்னாவிட்டால் செய்ய வேண்டியதையும் அங்கேயே எழுதிவிட்டால், பயனர் கடைசிப் பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்காது. ஓரிடத்தில் 'விசை', வேறிடத்தில் 'பொத்தான்' என்று சொல்லை மாற்றி எழுதும் இலக்கிய ஆசை (எனக்கும் அது உண்டு) இங்கே உதவாது.

அச்சுக்கு அனுப்பும் முன், கருவியை அறியாத ஒருவரிடம் வரைவைக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் உட்காருங்கள். அவர் எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.