வாயுவில் மின்முறிவு: இடமின்னூட்டத்தின் வேலையைத் தாளில் கணக்கிட்டுப் பார்ப்போம்

காற்று ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட் வரை தாங்கும் என்று படித்திருப்போம். இந்த அளவு, சமமான இரு தட்டுகளுக்கு இடையே சிறிய இடைவெளி இருக்கும்போதுதான் பொருந்தும். மின்வாய் கூர்முனையாக இருந்தால், நீண்ட இடைவெளியில் சராசரியாகச் செ.மீ.க்கு 5 கிலோவோல்ட் அளவிலேயே மின்முறிவு, அதாவது காற்று தாங்கும் திறனை இழந்து மின்சாரத்தைக் கடத்திவிடுவது, நேரக்கூடும். இதற்குக் கூர்முனையின் வடிவம் மட்டும் காரணமன்று. இடைவெளிக்குள் பிறக்கும் மின்னூட்டங்களே மின்புலத்தை மாற்றியமைக்கின்றன. உயர் அழுத்தத்தை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். தாளும் பென்சிலும் போதும்.

படி 1: ஒரு செ.மீ. இடைவெளியில் இரு தட்டுகளை வரைந்து, அவற்றுக்கிடையே 30 கிலோவோல்ட் கொடுத்திருப்பதாகக் கொண்டு, எதிர்மின்வாயருகே ஓர் எலக்ட்ரானைக் குறியுங்கள். அது வாயு மூலக்கூறுகளில் மோதி, புதிய எலக்ட்ரான்களை விடுவித்துக்கொண்டே செல்லும். இப்பெருக்கத்தை விளக்கியவர் இயற்பியலாளர் டவுன்சென்ட். பெருக்கக் குணகம் (ஓர் எலக்ட்ரான் ஒரு செ.மீ. செல்கையில் சராசரியாக விடுவிக்கும் புதிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) ஒரு செ.மீ.க்கு 18 எனக் கொண்டால், 2.718-இன் 18-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 6.6 கோடி எலக்ட்ரான்கள் மறுமுனையை அடையும்.

படி 2: எலக்ட்ரான்கள் விரைந்து முன்னே ஓடிவிட, அவற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவான நேர் அயனிகள் பின்தங்கிவிடும். இப்படிப் பிரிந்து நிற்கும் மின்னூட்டமே இடமின்னூட்டம்.

படி 3: இதுதான் முக்கியமான கணக்கு, பொறுமையாகச் செய்யுங்கள். 6.6 கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம் 1.05×10⁻¹¹ கூலும். அது 0.2 மி.மீ. ஆரமுள்ள கோளமாகத் திரண்டிருப்பதாகக் கொண்டால், கூலும் விதிப்படி அதன் விளிம்பில் மின்புலம் செ.மீ.க்கு ஏறத்தாழ 24 கிலோவோல்ட். நாம் வெளியிலிருந்து கொடுத்த 30 கிலோவோல்ட்டுக்கு இது அருகிலேயே வந்துவிட்டது! திரளின் முன்னும் பின்னும் மின்புலம் கூடும்; எலக்ட்ரான்களுக்கும் அயனிகளுக்கும் நடுவே குறையும். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடியை எட்டும்போது திரள் ஸ்ட்ரீமராக, அதாவது தானே முன்னேறும் மெல்லிய மின்னிழையாக, மாறும் என்பதே இயற்பியலாளர்கள் ரேத்தரும் மீக்கும் வகுத்த நிபந்தனை.

படி 4: ஒரு தட்டை அழித்துவிட்டுக் கூர்முனை வரையுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சாரல் அடிக்கையில், முப்பந்தல் காற்றாலைப் பக்கத்து உயர் அழுத்தக் கம்பிகளில் தொங்கும் நீர்த்துளிகளும் இத்தகைய கூர்முனைகளே. அங்கே எழும் சீறல் ஓசை கொரோனாவினுடையது; முழு முறிவு நேராமல் முனையருகே மட்டும் நிகழும் மின்னிறக்கமே கொரோனா. முனை நேர்மின்வாயானால், எலக்ட்ரான்கள் அதற்குள் புகுந்துவிட, எஞ்சிய நேர் அயனிகள் முனையருகே மின்புலத்தைத் தணித்து, அதற்கு அப்பால் உயர்த்தும். முனையே நீண்டுவிட்டதுபோல ஸ்ட்ரீமர் முன்னேறும்.

படி 5: முனை எதிர்மின்வாயானால், வெளியே செல்லும் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிடித்து எதிர் அயனிகளாக்கும். முனையைச் சூழும் நேர் அயனிகள் அதன் அருகே மின்புலத்தைக் கூட்டினாலும், எஞ்சிய இடைவெளியில் அது தணிந்தே நிற்பதால், முறிவுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும்.

மாறுமின்னோட்டத்தில் கூர்முனை இடைவெளி நேர் அரைச்சுற்றிலேயே முறிவதற்கும், உயர் அழுத்தக் கம்பிகளுக்கு விட வேண்டிய காற்றிடைவெளியைப் பொறியாளர்கள் நேர் துருவ மின்னழுத்தத் துடிப்பை வைத்து முடிவுசெய்வதற்கும் காரணம் இதுவே.