டூரிங் பைக்குக்கு விண்ட்ஷீல்டு: உயரத்தை அளந்த பிறகே வாங்குங்கள்

பெரிய விண்ட்ஷீல்டு போட்டால் காற்றுத் தொல்லை தீரும் என்று நம்பி வாங்கி, முன்பைவிட அதிக இரைச்சலோடு திரும்புகிறவர்கள் நிறைய. ஷீல்டின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று கலங்குகிறது. அந்தக் கலங்கல் ஹெல்மெட்டில் மோதுவதால்தான் தலை ஆடுகிறது, காது இரைகிறது. அதனால் அரைகுறை உயரம், ஷீல்டே இல்லாததைவிட மோசமாகவும் இருக்கலாம்.

இப்போதுள்ள ஷீல்டை முதலில் சோதியுங்கள். நெரிசலில்லாத நேர்ச்சாலையில் வழக்கமான வேகத்தில் முதுகை நன்றாக நிமிர்த்துங்கள், பிறகு சற்றுக் குனியுங்கள். நிமிரும்போது இரைச்சல் தணிந்தால் குட்டை ஷீல்டு போதும். குனியும்போது தணிந்தால், தலை எவ்வளவு இறங்கியதோ ஏறக்குறைய அவ்வளவு உயரம் கூட்ட வேண்டும்.

பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு வண்டியில் உட்கார்ந்து அளவெடுங்கள். மேல்விளிம்பு மூக்கு நுனிக்கு நேராக, சாலையைப் பார்க்கும் கோட்டுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே இருப்பது நல்லது. ஷீல்டு வழியாகவே பார்க்கும்படி வாங்காதீர்கள். இரவு மழையில் எதிர்வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் சிதறும். துடைக்க வைப்பர் கிடையாது. விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வரும் என்றால் கருநிற டின்ட் வேண்டவே வேண்டாம்.

முதுகுப் பக்கமிருந்து காற்று முன்னால் தள்ளுகிறதா? ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. அடியில் இடைவெளியோ நடுவில் காற்றுத் துளையோ உள்ள ஷீல்டு இதைச் சரிசெய்யும். சில வண்டிகளில் பழைய ஷீல்டையே சாய்வு மாற்றும் பிராக்கெட்டில் பொருத்தினால் போதும், அல்லது மேலே ஒரு ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பிவிடும் சிறு தகடு) மாட்டலாம். செலவும் குறைவு, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

ஷீல்டுகள் பெரும்பாலும் பாலிகார்பனேட், அக்ரிலிக் என்ற இரு பிளாஸ்டிக்குகளில் வருகின்றன. பாலிகார்பனேட் கல்லடி தாங்கும், ஆனால் எளிதில் கீறும். ஹார்ட் கோட்டிங் உள்ளதையே கேளுங்கள். அக்ரிலிக் அவ்வளவு சீக்கிரம் கீறாது, கீறினாலும் பாலிஷ் போடலாம். பலமாக அடிபட்டால் உடையும். நெடும்பயணத்துக்கு பாலிகார்பனேட்தான் எங்கள் தேர்வு.

விரிசல் பெரும்பாலும் போல்ட் துளையில்தான் தொடங்குகிறது. ரப்பர் நட்டும் நைலான் வாஷரும் போட்டு, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு மாறி மாறிச் சிறிதளவு இறுக்குங்கள். போல்ட் கழலாமலிருக்கப் பூசும் த்ரெட்லாக் திரவம் பாலிகார்பனேட்டில் பட்டால் நாளடைவில் விரிசல் விடும். பெட்ரோலும் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அப்படியே. ஹேண்டில்பாரோடு திரும்பும் ஷீல்டு என்றால் இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிளும் டேங்கும் உரசவில்லை என்று பாருங்கள். பொருத்தியதும் வேகத்தைப் படிப்படியாகவே கூட்டுங்கள். ஹேண்டில் ஆட்டம் கண்டால் அந்த அளவு உங்கள் வண்டிக்குப் பெரிது.

ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் 10 நிமிடம் போர்த்தி ஊறவிட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.