கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டாச்சா? நான் சறுக்கிய இடங்கள்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பியின் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தேன். "எது ஓடுது, எது ஓடலேன்னு இனிமே சிஸ்டமே சொல்லிடும்ணே" என்றார். பகீர் என்றது. நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்கிற சங்கதியெல்லாம் அவருக்கே தெரியும், விடுங்கள்.

விற்றதுதான் தேவை என்று நினைப்பது

எனக்குக் கடை கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்), துறைமுகத்துக்குப் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிற காலம். எங்களுக்கு அதுதான் தீபாவளி.

2018 மே மாதம் நீல எனாமல் 12 டின் விற்றதாக ரிப்போர்ட் சொன்னது. மறுவருஷம் பயபக்தியோடு 12 டின்னே வாங்கி வைத்தேன். பத்தாம் தேதிக்குள் ரேக் காலி. "போன வருஷமும் இல்லேன்னுதானே அனுப்பிச்ச?" என்று ஒரு படகுக்காரர் கேட்டபோதுதான் உறைத்தது. பழைய பில்களைத் தேதிவாரியாகப் பார்த்தேன். அந்த 12 டின்னும் ஒன்பதே நாளில் போயிருந்தது. மீதி 22 நாளும் பூஜ்ஜியம். கேட்க ஆளே வராத பூஜ்ஜியமும், வந்தவரைத் திருப்பி அனுப்பிய பூஜ்ஜியமும் ரிப்போர்ட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். சரக்கு இருந்திருந்தால் அதே வேகத்தில் 40 டின்னாவது போயிருக்கும். சாஃப்ட்வேர் விற்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். "கிராஃப் வருது சார்" என்றார்!

சரக்கு தீர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். விற்பனையை, மாதத்தின் நாட்களால் வகுக்காமல், சரக்கு கையில் இருந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு போட்டு, என்ன கேட்டார்கள், எதை 'இல்லை' என்றோம் என்று எழுதுங்கள். வெறுங்கையோடு போனவருக்கு யாரும் பில் போடுவதில்லை. சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? அந்தப் படகுக்காரர் இப்போதும் எதிர்க் கடைக்குத்தான் போகிறார்.

ஒரே பொருளுக்கு நாலு பெயர்

'நீலம்', 'புளூ', 'நீலம் 1 லி', 'எனாமல் புளூ'. கணினிக்கு இவை நாலு சரக்கு. பெயர் போடுகிற வேலை ஒருத்தரிடமே இருக்கட்டும்.

கன்னியக்கோயில் தாண்டும் பில்

தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 33, கன்னியக்கோயில் இருக்கிற புதுச்சேரிக்கு 34. அங்கே பதிவுள்ள வியாபாரிக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கான வரி.

பேக்கப்

2015-ல் வெள்ளம் பார்த்த ஊர் இது. கடை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ் கணக்கில் சேராது.