லேசான ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: எடை குறைந்தது எதில், குறையாதது எதில்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வைத்திருப்பவர்கள் சிலருக்கு ஒரு கட்டத்தில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் மீது, அதாவது மூக்கு பிக்கப்பின் பின்தொட்டிக்குள் வந்து இணையும் பெரிய பயண வீட்டு வண்டி மீது, ஆசை வந்துவிடும். ஆசையில் தப்பில்லை. பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரைவிட இது சாலையில் நிதானமாக வரும். பாரம் பிக்கப்பின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இறங்குவதால், பக்கக் காற்றிலும் பெரிய லாரிகள் தாண்டிப்போகும்போதும் வாலாட்டுவது குறைவு.

சிக்கல் ஹிட்சில்தான், அதாவது இரண்டையும் இணைக்கும் கருவியில். அது பிக்கப்பின் பெட்டுக்குள், சாமான் ஏற்றும் அந்தத் தொட்டிக்குள், உட்கார வேண்டும். பழைய பாணி இரும்பு ஹிட்ச் 150 முதல் 300 பவுண்டு வரை கனக்கும். அதை மாட்டிவிட்டால் பெட்டில் வேறு சாமான் ஏற்ற முடியாது. கழற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் கராஜில் ஒரு சின்ன கிரேன் வேண்டும். லேசான ஹிட்ச்களுக்கு மவுசு வந்தது இதனால்தான். ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ‘அல்டிமேட்’ ஹிட்ச் சுமார் 35 பவுண்டு, அதாவது 16 கிலோ. ஓர் ஆள் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம்.

இந்த 35 பவுண்டு என்ற எண்தான் பலரை வழிதவற வைக்கிறது. ஹிட்ச் லேசாகிவிட்டது, ஆகவே நம் சின்ன பிக்கப்பே பெரிய டிரெய்லரை இழுத்துவிடும் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஹிட்ச் லேசானதால் டிரெய்லர் லேசாகிவிடுவதில்லை.

கதவு ஸ்டிக்கரைப் படிக்காமல் வாங்குவது

ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதம் கிங் பின் (டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீளும் தடித்த இரும்பு முளை) வழியாகப் பிக்கப்பின் மேல் இறங்குகிறது. பம்பர் வகையில் இது 10 முதல் 15 சதவீதம்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பிக்கப்பின் இழுதிறனை. ஆனால் ஃபிஃப்த் வீலில் முதலில் தீர்ந்துபோவது இழுதிறன் அல்ல, வண்டி சுமக்கக்கூடிய பேலோடு. அது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கு இந்த எண் ஒன்றாக இருக்காது. சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக்கூட எண் குறையும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் எஃப்-150 இழுக்கிறதே என்று பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எஃப்-150 போன்ற ஹாஃப் டன் ரகப் பிக்கப் ஒன்றின் ஸ்டிக்கரில் 1,650 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் அதிகபட்ச எடை 9,500 பவுண்டு. அதில் 20 சதவீதம் 1,900. ஆள் ஏறுவதற்கு முன்பே, ஹிட்ச் வைப்பதற்கு முன்பே வரம்பு போய்விட்டது. இங்கே ஹிட்ச் 35 பவுண்டா 200 பவுண்டா என்று விசாரிப்பதில் ஒரு பயனும் இல்லை.

இப்போது 6,000 பவுண்டு டிரெய்லர். கிங் பின்னில் இறங்குவது 1,200. கணவனும் மனைவியும் சேர்ந்து 350. 200 பவுண்டு இரும்பு ஹிட்ச் வைத்தால் மொத்தம் 1,750, வரம்புக்கு மேல். 35 பவுண்டு ஹிட்ச் என்றால் 1,585, வரம்புக்குள். லேசான ஹிட்ச் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் இந்த மாதிரி விளிம்புதான். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் ஏறினால் அதுவும் போச்சு.

கையேட்டில் போடும் காலி டிரெய்லர் எடையை வைத்துக் கணக்குப் போடுவது இதோடு ஒட்டிவரும் தவறு. காலி டிரெய்லரில் யாரும் ஊர் போவதில்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 கேலன் தொட்டியை நிரப்பினால் 400 பவுண்டுக்கு மேல். கேஸ் சிலிண்டர்கள், பேட்டரி, பெரிய சாமான் அறை எல்லாம் பெரும்பாலும் டிரெய்லரின் முன்பக்கம்தான் இருக்கின்றன. நாம் ஏற்றும் சாமானில் பெரும்பங்கு கிங் பின்னின் தலையில்தான் வந்து விழும். ஆகவே அதிகபட்ச எடையை எடுத்துக்கொண்டு 20 சதவீதம் போடுங்கள்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். போடலாம். வண்டி நிமிர்ந்து நிற்கும், விளக்கு வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காது. ஆனால் அச்சு, டயர், சக்கரத் தாங்கி, பிரேக் எதுவும் மாறவில்லை. ஸ்டிக்கரில் உள்ள எண் அப்படியேதான் இருக்கும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் கேட் ஸ்கேலுக்குப் போங்கள். அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் இந்த எடைமேடைகள் இருக்கின்றன. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். டிரெய்லரோடு ஒரு முறை, அதே ஆட்களோடும் அதே பெட்ரோலோடும் டிரெய்லர் இல்லாமல் ஒரு முறை நிறுத்துங்கள். பிக்கப்பின் இரண்டு அச்சுகளிலும் கூடிய எடைதான் கிங் பின்னில் இறங்கும் உண்மையான எடை. பின் அச்சின் எண்ணைக் கதவுத் தூணில் உள்ள அச்சு வரம்போடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லரை வாங்கிய பிறகுதான் பலர் இதைச் செய்கிறார்கள். இந்த இரண்டில், குடும்பத்தோடு பிக்கப் மட்டும் நிற்கும் எடையை வாங்கும் முன்பே எடுத்துவிடலாமே.

எதன் மேல் உட்காருகிறது என்று பார்க்காதது

லேசான ஹிட்ச் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. சிலவற்றில் பழைய ஹிட்ச் போலவே தட்டும் கிங் பின்னைக் கவ்வும் தாடையும் இருக்கும், உலோகம் மட்டும் குறைவு. ஆண்டர்சன் வகையில் தாடையே கிடையாது. கிங் பின்னில் ஒரு பிடியை இறுக்கி மாட்டி, அதைக் கூம்புச் சட்டகத்தின் உச்சியில் உள்ள 2-5/16 அங்குல பந்தின் மேல் இறக்குவார்கள். மூன்றாவது வகை, டிரெய்லரின் மூக்கில் கிங் பின்னைத் தாங்கும் பெட்டியையே (பின் பாக்ஸ்) கழற்றிவிட்டு, பெட்டின் தரையில் உள்ள கூஸ்நெக் பந்துவரை நீளும் வேறு பெட்டியைப் போடுவது. இதில் பிக்கப்பின் பெட் முழுக்கக் காலியாகவே இருக்கும், கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இழுவிசை டிரெய்லர் சட்டகத்திலிருந்து வெகு கீழே போய்விடுகிறது. கை நீளமான நெம்புகோல் போல அது சட்டகத்தை முறுக்கும். அதைத் தாங்கும்படி வடிவமைத்த ரீஸ் நிறுவனத்தின் ‘கூஸ் பாக்ஸ்’ போன்றவை வேறு, கிங் பின்னில் மாட்டும் சாதாரண நீட்டிப்புக் குழாய் வேறு. இரண்டாவதை மாட்டும் முன் டிரெய்லர் சட்டகத்தின் உத்தரவாதத் தாளைப் படித்துவிடுங்கள். கூஸ்நெக் இணைப்புக்கு மாறினால் பாதுகாப்புச் சங்கிலியும் மாட்ட வேண்டியிருக்கும்.

பிக்கப் பக்கமும் இதே கவனம் வேண்டும். ஹெவி டியூட்டி, அதாவது கனரக, பிக்கப்களில் ஃபேக்டரியிலேயே பெட்டில் நான்கு துளைகளும் நடுவில் பந்துக்கு ஒன்றும் வைத்துக் கொடுக்கும் தொகுப்பு கிடைக்கும். ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றின் அளவும் ஒன்றல்ல. ஒன்றுக்கு வாங்கிய ஹிட்ச் இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஹாஃப் டன் வண்டியில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. பெட்டுக்கு அடியில் கூஸ்நெக் அமைப்போ பெட்டின் மேல் தண்டவாளமோ பொருத்தியாக வேண்டும். எதுவானாலும் அது வண்டியின் சட்டகத்தோடு பிணைந்திருக்க வேண்டும். பெட்டின் தகட்டை மட்டும் நம்பி போல்ட் போடுவது தற்கொலைக்குச் சமம். எஃப்-150 பெட் 2015 மாடலிலிருந்து அலுமினியம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாஸ்டிக் பெட் லைனரின் மேலேயே தண்டவாளத்தை வைத்து இறுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். பாரம் ஏற ஏற பிளாஸ்டிக் நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். லைனரை வெட்டி, உலோகத்தின் மேல் உலோகம் உட்கார வேண்டும். ஹிட்சோடு வரும் தாளில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, முதல் பயணத்தில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

குட்டை பெட்

எட்டு அடி பெட் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆறரை அடி, ஐந்தரை அடி பெட்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். டிரெய்லரின் அகலம் 96 முதல் 102 அங்குலம். கூர்மையாகத் திரும்பும்போது அதன் முன் மூலை கிங் பின்னை மையமாக வைத்துச் சுற்றும்; அந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 48 முதல் 51 அங்குலம். ஹிட்ச் மையத்திலிருந்து கேபின் பின் கண்ணாடிவரை அவ்வளவு இடம் இல்லையென்றால், முகாமில் ரிவர்ஸ் எடுக்கும் ஒரு திருப்பத்தில் கண்ணாடி நொறுங்கும். முன் மூலை வளைவாக வெட்டப்பட்ட டிரெய்லர்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கும். திருப்பத்தில் பின்னே நகரும் ஹிட்ச் இன்னொரு தீர்வு, ஆனால் அது கனம். லேசான ஹிட்ச் வாங்கிய நோக்கமே அடிபட்டுப்போகும். ரீஸ் ‘சைட்வைண்டர்’ பின் பாக்ஸ் சுழலும் புள்ளியை 22 அங்குலம் பின்னே தள்ளிவிடும். அதில் கிங் பின் சுழலாதபடி ஹிட்சோடு பூட்ட வேண்டும், அதனால் உங்கள் ஹிட்சுக்குப் பொருந்தும் ஆப்பு கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எதை வாங்கினாலும் காலி மைதானத்தில் ஒருவரைக் கீழே நிற்கவைத்து, மெதுவாகத் திருப்பி, எங்கே இடிக்கும் என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

உயரமும் ஒரு கணக்கு. டிரெய்லரின் மூக்குக்கும் பெட்டின் பக்கச் சுவருக்கும் நடுவே ஐந்தரை, ஆறு அங்குல இடைவெளி வேண்டும். இப்போது வரும் பிக்கப்களின் சுவர் உயரமாகிக்கொண்டே போவதால், பலர் டிரெய்லரின் மூக்கைத் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாரம் டிரெய்லரின் பின் அச்சுக்கு ஓடி, அந்த டயர்கள் முதலில் சாகும்.

மாட்டும்போது

தாடை வகை ஹிட்சில் மிக ஆபத்தான தவறு, கிங் பின் தாடைக்கு மேலே உயர்ந்து நிற்கும்போதே மாட்டிவிட்டதாக நினைப்பது. கைப்பிடி மூடியதுபோல் தெரியும். கிங் பின்னின் பள்ளத்தைத் தாடை பிடித்திருக்காது. கொஞ்ச தூரத்தில் டிரெய்லர் நழுவி பெட்டின் சுவர் மேல் விழும். இதைத் தவிர்க்க, டிரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி டிரெய்லரின் முன் தாங்கு கால்களைச் சரிசெய்து, பின்னோக்கி வந்து மாட்டுங்கள். அப்புறம் டார்ச் அடித்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியக்கூடாது. கடைசியாக இழுப்புச் சோதனை: கால்கள் இன்னும் தரையில் இருக்க, டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு, பிக்கப்பை லேசாக முன்னே நகர்த்துங்கள். கழன்றால் கால்களின் மேலேயே நிற்கும், சேதம் இல்லை.

பந்து வகையில் பின்னோக்கி நழுவி மாட்டுவது கிடையாது; டிரெய்லரை உயர்த்தி, பந்துக்கு நேர் மேலே கொண்டுவந்து இறக்க வேண்டும். முதல்முறை மாறுபவர்கள் பழைய பழக்கத்தில் தாழ்வாக வைத்துக்கொண்டு பின்னே வந்து பந்தை இடிப்பதுண்டு. கிங் பின்னில் இறுக்கிய பிடி பந்தில் முழுதாக இறங்கி, பூட்டு விழுந்து, அதன் முள் செருகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பிடியின் போல்ட்களையும் அவ்வப்போது பாருங்கள். ஒரு முறை இறுக்கினால் ஆயுசுக்கும் போதும் என்று விட்டுவிடுவது சரியல்ல.

பிரேக்அவே கேபிளை, அதாவது டிரெய்லர் பிய்ந்துபோனால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் கேபிளை, ஹிட்சிலேயே மாட்டுகிறவர்கள் நிறைய. ஹிட்ச் பெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போனால் கேபிளும் கூடவே போகும், டிரெய்லரின் அவசர பிரேக் பிடிக்காது. தூக்கி எடுக்கக்கூடிய லேசான ஹிட்சில் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கேபிள் பிக்கப்பின் உடம்பில்தான் மாட்டியிருக்க வேண்டும். கழற்றும்போது வரிசை மாறாமல் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை, கால்களை இறக்குவது, மின்கம்பியையும் கேபிளையும் எடுப்பது, டெயில்கேட்டைத் தாழ்த்துவது, அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறப்பது. டெயில்கேட்டை மறந்து வண்டியை எடுத்தால் டிரெய்லரின் கிங் பின் அதைப் பிளந்துவிடும். மெக்கானிக் கடைகளுக்கு இது பழகிப்போன வேலை.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டு வகைக்கு கிரீஸோ நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் வட்டோ வேண்டும், பந்துக்குத் துளி கிரீஸ் போதும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் அலுமினியமும் இரும்பு போல்டும் தொடும் இடத்தில் அரிப்பு சீக்கிரம் வரும். பயணக்காலம் முடிந்ததும் கழற்றிக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். பெட்டிலேயே விட்டுவைப்பதானால் ஒரு பூட்டு போடுங்கள். நீங்கள் தனியாளாகத் தூக்கிவிடக்கூடியதைத் திருடனும் தனியாளாகவே தூக்கிவிடுவான்.