அமெரிக்காவில் வாடகை வீட்டில் துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை, ஹவுஸ் ஓனர் என்ன செய்ய முடியும்?" என்று நினைத்து லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. அந்த உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2008 ஹெல்லர், 2010 மெக்டொனால்டு தீர்ப்புகள் இரண்டுமே அரசு விதித்த தடைகளைப் பற்றியவை. தனியார் ஓனர் "துப்பாக்கி கூடாது" என்று எழுதினால், மாநிலச் சட்டம் குறுக்கே வராதவரை அது பொதுவாகச் செல்லும்.

எனவே பார்க்க வேண்டியது மாநிலச் சட்டத்தை. டெக்ஸாஸில் 2020 ஜனவரி 1 முதல் போட்ட அல்லது புதுப்பித்த லீஸ்களில், சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை வீட்டிலோ காரிலோ வைப்பதையும் இரண்டுக்கும் இடையே எடுத்துச் செல்வதையும் ஓனர் தடுக்க முடியாது. மினசோட்டாவில் வாடகைதாரருக்கு மட்டுமல்ல, அவர் வீட்டு விருந்தாளிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஒஹையோவில் கைத்துப்பாக்கிக்கு மட்டும். வர்ஜீனியாவில் அரசுக் குடியிருப்புகளுக்கு மட்டும். டெக்ஸாஸின் டல்லாஸில் இருக்கும் நண்பர் சொன்னதை வேறு மாநிலத்தில் நம்பக் கூடாது.

தடை பெரும்பாலும் லீஸின் முதல் பக்கங்களில் இருக்காது. பின்னால் இணைத்த குடியிருப்பு விதிகளில் ஒரு வரியாக இருக்கும். அந்தத் தாள்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாகச் "பரவாயில்லை" என்றால், அதையே மின்னஞ்சலில் கேளுங்கள். விதியை மீறுவது மட்டும் பொதுவாகக் குற்றமாகாது, ஆனால் வெளியேற்றும் வழக்குக்குக் காரணமாகலாம். அந்த வழக்கின் பதிவு அடுத்த வீடு தேடும்போதும் குறுக்கே நிற்கும்.

நம் ஆட்கள் பலர் கவனிக்காதது விசா விஷயம். எச்-1பி, எல்-1 (வேலை), எச்-4 (குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்) விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். 2022 முதல் உச்சபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. நாடு கடத்தலும் தொடரலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அவரும் எச்-1பி நண்பரும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தால்? துப்பாக்கி பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். சாவியோ எண்ணோ நண்பருக்குத் தெரியக் கூடாது. ஹால் அலமாரியில் கிடந்தால், அது அவர் கட்டுப்பாட்டிலும் இருந்தது என்று வழக்கு வரலாம்.

பெட்டகத்தைப் பொருத்துவதிலும் கவனம் வேண்டும். சுவரில் துளை போட்டால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். சில அடுக்ககங்களின் கான்கிரீட் தளத்துக்குள் இழுவிசையில் கட்டிய எஃகு வடங்கள் ஓடுகின்றன. துளைப்பான் அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் எஃகுக் கேபிளால் கனமான கட்டிலோடு பூட்டும் சிறிய பெட்டகம் போதும். தண்ணீர்க் குழாய் உடைந்தால் பராமரிப்பு ஆட்கள் முன்னறிவிப்பின்றி நுழையலாம் என்பதால், தலையணைக்கு அடியில் வைப்பது கூடவே கூடாது.

வீடு மாறியதும் முகவரியையும் மாற்றுங்கள். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் தற்போதைய குடியிருப்பு முகவரிதான் கேட்கப்படும், அஞ்சல் பெட்டி எண் செல்லாது. ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புது முகவரியுள்ள வாகனப் பதிவு போன்ற அரசு ஆவணத்தையும் கொண்டு போங்கள்.