கண்காட்சிக்குப் பன்றி வளர்ப்பவர்களுக்கு: தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பள்ளியில் படித்தபோது மாணவர்கள் தாங்கள் வளர்த்த பன்றியை நடுவர் முன் நடத்திக் காட்டும் கண்காட்சிக்காக நான் வளர்த்த முதல் பன்றி களத்துக்குள் கால் வைக்கவே இல்லை. வாசலில் எடை போட்டார்கள், 96 கிலோ. குறைந்தது 105 இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. குட்டி கொழுகொழுவென்று இருக்கிறதே என்று வாங்கினேனே தவிர, நாள் கணக்குப் பார்த்து வாங்கவில்லை. போன ஆண்டு அண்ணன் மகள் அதே வேலையில் இறங்கினாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதிப்புத்தகம். எடை வரம்பு, காது அடையாளம், எந்தத் தேதிக்குள் பன்றி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் குட்டி வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். பிறகு கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நன்றாகத் தின்னும் பன்றி நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் வரை எடை கூடும். 22 கிலோ குட்டி 118 கிலோவுக்கு வர வேண்டுமானால் 96 கிலோ ஏற வேண்டும். நாளுக்கு 800 கிராம் என்றால் 120 நாட்கள். புது இடம் பழக ஒரு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குட்டியைத் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள், நடக்கவிட்டுப் பாருங்கள். கம்பு நட்டதுபோல் கால் விறைப்பாக நிற்கும் குட்டி, எடை ஏற ஏற நொண்டத் தொடங்கலாம். குளம்புக்கு மேலே கொஞ்சம் வளைந்து கொடுக்கும் கால்தான் நல்லது. இருமல், தொப்புளில் புடைப்பு இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். காயடித்த ஆண் வேகமாகத் தின்று வேகமாகக் கொழுப்பு வைக்கும். பெட்டை மெதுவாக ஏறும், ஆனால் உடலில் கொழுப்பு குறைவு.

கொட்டிலுக்கு நிழல், காற்று, உலர்ந்த படுக்கை போதும். பன்றிக்கு வியர்த்துக் குளிர வழியில்லை. வெயிலில் விட்டால் தோல் வெந்துவிடும். படுக்கிற இடத்திலேயே சாணம் போடும் பிராணி அல்ல அது. முதல் நாளே ஒரு மூலையை நனைத்து, அங்கே கொஞ்சம் சாணத்தையும் போட்டு வையுங்கள். மறுநாளிலிருந்து அந்த மூலையைத்தான் தேடிப் போகும். உங்களுக்கும் கழுவுகிற வேலை பாதியாகும்.

தீவனத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். என் இரண்டாவது பன்றி ஒருநாள் தொட்டியில் பாதித் தீவனத்தை அப்படியே விட்டுவிட்டது. காய்ச்சல் என்று பதறிக் கால்நடை மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் பன்றியைத் தொடவே இல்லை. நேரே போய்க் குடிநீர்க் குழாயின் முனையை விரலால் அழுத்தினார். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. உள்ளே துரு. தின்னும் தீவனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் குடிக்கும் பிராணி, தண்ணீர் இல்லாமல் எப்படித் தின்னும்? அன்றிலிருந்து காலையில் கொட்டிலுக்குள் போனதும் என் விரல் முதலில் குழாய் முனைக்குத்தான் போகும்.

குட்டிப் பருவத்தில் 18 சதவீதம் அளவுக்குப் புரதம் உள்ள தீவனம் கொடுங்கள். வளர வளர அதை 16, 14 என்று குறைத்துக்கொண்டு வரலாம். ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய மூன்று கிலோ தீவனம் செல்லும். செலவுக் கணக்கை அதிலிருந்து போடுங்கள். வீட்டு எச்சில் சாப்பாடு மட்டும் கூடவே கூடாது. இறைச்சி கலந்த மிச்சங்கள் வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும். அதற்குச் சிகிச்சை கிடையாது.

எடை மேடை இல்லையென்றால் தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதடியிலிருந்து வாலடிவரை நீளம், இரண்டையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தாலும், பிறகு 69.3 ஆலும் பெருக்கினால் தோராய எடை கிலோவில் வரும். சுற்றளவு 1.1, நீளம் 1.2 என்றால் ஏறக்குறைய 100 கிலோ. வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். பின்தங்கினால் அப்போதே தெரிந்துவிடும். வாசலில் வந்து தெரிய வேண்டாம்.

இனி நடைப்பயிற்சி. அண்ணன் மகளின் பன்றிக்குப் பெயர் மூட்டை. கதவைத் திறந்ததும் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு நின்றுவிடும். அவள் பின்னாலிருந்து தள்ளுவாள், அது அசையாது. பன்றிக்கு இரு பக்கமும் நன்றாகத் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து எது பட்டாலும் மிரளும் அல்லது திரும்பிவிடும். அதனால் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால் நடக்கச் சொன்னேன். மெல்லிய கம்பால் விலாவில் தட்டினால் முன்னே போகும். இடது கன்னத்தில் தட்டினால் வலப்பக்கம் திரும்பும். தாடைக்கு அடியில் லேசாகத் தட்டினால் தலையைத் தூக்கும். தொடையில் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், இறைச்சி கன்றிப்போகும். தீவனத்துக்கு முன், காலைக் குளிர்ச்சியில், முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். கண்காட்சிக்கு எட்டு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். களத்தில் பன்றி எப்போதும் உங்களுக்கும் நடுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும், நடுவரிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. மூலையில் மாட்டிக்கொண்டால் பதறாமல், அது திரும்ப இடம் விட்டு நில்லுங்கள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை குளிப்பாட்டுங்கள். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், அது உடலைவிட்டு நீங்க எத்தனை நாள் விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். கண்காட்சிக் கொட்டிலில் நின்று எதையும் சாப்பிடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2012-இல் அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பன்றிகளிடமிருந்து ஒரு வகை ஃபுளூ தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் கண்காட்சிகளில் பன்றிகளின் அருகே இருந்தவர்கள்.

இறைச்சிப் பிரிவில் கொண்டுபோகும் பன்றி பெரும்பாலும் வீடு திரும்புவதில்லை. விற்றுவிடுவார்கள். பிள்ளைகளிடம் இதைக் கடைசி நாளில் சொல்லாதீர்கள். குட்டி வாங்கப் போகும் வழியிலேயே அண்ணன் மகளிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் பெயர் வைக்கலாமா, அத்தை?” என்று கேட்டாள். தாராளமாக வை என்றேன். அப்படி வந்த பெயர்தான் மூட்டை.